சிராய்ப்பைச் சுற்றிப் பரவிய சிவப்பு: ஆன்டிபயாடிக் களிம்பால் வந்த ஒவ்வாமை, ஒரு நிகழ்வு ஆய்வு

சின்னக் காயத்துக்குக் களிம்பு தடவுவதை மருந்து எடுத்துக்கொள்வதாகவே பலரும் நினைப்பதில்லை. "என்ன மருந்து எடுத்தீங்க?" என்று கேட்டால் மாத்திரையைச் சொல்வார்கள், களிம்பை விட்டுவிடுவார்கள். இந்த நிகழ்வு அந்த இடைவெளியில்தான் நடந்தது. உயிருக்கு ஆபத்து எதுவும் இல்லை, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியும் வரவில்லை. ஆனாலும் தானாகவே ஆறிவிடக்கூடிய ஒரு சிராய்ப்புக்காக ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் அவதிப்பட்டார். அவரும் அவருடைய மகனும் ஒப்புக்கொண்டதால், அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு எழுதுகிறேன்.

பின்னணி

அவர் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை நோய் இல்லை. மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை என்றுதான் அவருடைய பழைய குறிப்புகள் எல்லாவற்றிலும் இருந்தது.

இரும்புக் கட்டிலின் விளிம்பு உரசியதில் வலது முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தில் தோல் வழன்றுவிட்டது. இரண்டு விரல் அகலம், ஒரு விரல் நீளம் இருக்கும். ஆழமில்லை. கொஞ்சம் இரத்தம் கசிந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்திருக்கிறார். அந்த வகைக் காயத்துக்குச் செய்யவேண்டியதில் பெரும்பகுதியை அப்போதே சரியாகச் செய்து முடித்துவிட்டார் என்று சொல்லலாம்.

அப்புறம் வீட்டில் இருந்த களிம்பை மகன் எடுத்துக் கொடுத்தார். மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கியது. நியோமைசின், பாலிமிக்சின் பி, பாசிட்ராசின் ஆகிய மூன்று ஆன்டிபயாடிக்குகள் கலந்த வகை. காலையும் இரவும் தடவி, மேலே நான்காக மடித்த காஸ் துணி வைத்து, நாலு ஓரத்திலும் டேப் ஒட்டினார்.

வீட்டில் கழிந்த நாட்கள்

முதல் இரண்டு நாளும் காயம் நன்றாகவே இருந்தது. வலி குறைந்தது, ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வரத் தொடங்கியது. "களிம்பு நல்லா வேலை செய்யுது" என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் இரவு அரிப்பு ஆரம்பித்தது. புண் ஆறும்போது அரிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார். மறுநாள் கட்டைப் பிரித்தால் காயத்தைச் சுற்றிச் சிவந்திருந்தது. செப்டிக் ஆகிறது என்று முடிவு செய்து, இரண்டு வேளை தடவியதை நான்கு வேளையாக்கினார்கள். கூடவே ஆன்டிசெப்டிக் திரவத்தைத் தண்ணீர் கலக்காமல் பஞ்சில் நனைத்துத் துடைத்தார்கள்.

சிவப்பு அகன்றது. ஆறாம் நாள் நீர் கசிந்து காஸ் துணி ஒட்டிக்கொண்டது. இந்தக் களிம்புக்குக் கேட்கவில்லை, வேறு போட்டுப் பார்ப்போம் என்று மகன் இன்னொரு களிம்பு வாங்கி வந்தார். பெயர் வேறு, கம்பெனி வேறு, உறையின் நிறமும் வேறு. உள்ளே இருந்த மருந்து ஃப்ராமைசெடின். இந்த நிகழ்வில் நிலைமையை மிகவும் மோசமாக்கியது இந்த மாற்றம்தான். ஏனென்றால் நியோமைசின் என்பது ஒரே மூலக்கூறு அல்ல, ஒரு கலவை. அந்தக் கலவையின் முக்கியப் பகுதியான நியோமைசின் பி-யின் இன்னொரு பெயர்தான் ஃப்ராமைசெடின். மருந்தை மாற்றியதாக நினைத்து அவர்கள் அதே மருந்தைத்தான் தொடர்ந்தார்கள்.

ஒன்பதாம் நாள், இரவெல்லாம் தூக்கம் கெட்டு, கால் முழுக்கப் புண்ணாகிவிடுமோ என்ற பயத்தோடு எங்களிடம் வந்தார்கள்.

பார்த்தபோது தெரிந்தவை

கட்டைப் பிரித்ததும் கண்ணில் பட்டது சிவப்பு நின்ற விதம். உள்ளங்கையைவிடப் பெரிதாக, நான்கு பக்கமும் கிட்டத்தட்ட நேர்கோடாக, காஸ் துணியை வைத்த இடம் எதுவோ அந்த அளவுக்குச் சரியாகச் சிவந்திருந்தது. கிருமி துணியின் விளிம்பைப் பார்த்து நிற்பதில்லை. தோலுக்குள் தொற்று பரவினால் அது தன் போக்கில், ஒழுங்கில்லாமல்தான் பரவும். வெளியிலிருந்து பட்ட ஏதோ ஒன்றுக்குத் தோல் எதிர்வினை காட்டும்போதுதான் இப்படி நேர்கோட்டில் நிற்கும்.

சிவந்த இடம் முழுக்கக் கடுகளவு கொப்புளங்கள். சில உடைந்து தெளிந்த நீர் வடிந்து, மஞ்சளாகக் காய்ந்திருந்தது. அதைத்தான் வீட்டில் சீழ் என்று நினைத்திருந்தார்கள். சீழுக்குரிய கொழகொழப்போ நாற்றமோ இல்லை. அழுத்திப் பார்த்தால் பெரிதாக வலிக்கவில்லை. "வலி இல்ல டாக்டர், அரிப்புதான் உயிர் போகுது" என்றார். காய்ச்சல் இல்லை. தொடை இடுக்கில் நெறி கட்டவில்லை. காலில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு எதுவும் ஓடவில்லை.

நடுவில் இருந்த அசல் சிராய்ப்பு ஏறக்குறைய மூடிவிட்டது. பளபளப்பான மெல்லிய புதுத் தோல் வந்திருந்தது. காயம் ஆறிக்கொண்டிருக்கிறது, காயமே படாத தோல்தான் புண்ணாகியிருக்கிறது.

இன்னொன்றும் கிடைத்தது. கையைக் காட்டச் சொன்னபோது, வலது சுட்டுவிரலின் ஓரத்தில் அதே மாதிரி நாலைந்து சிறு கொப்புளங்கள் இருந்தன. களிம்பை எந்த விரலால் தடவுவீர்கள் என்று கேட்டதும், யோசிக்காமல் அந்த விரலைத்தான் நீட்டினார்.

டேப்பின் பசையாக இருக்குமோ என்ற கேள்வியும் இருந்தது. பிளாஸ்டர் பசைக்கு ஒவ்வாமை வருவது உண்டு. ஆனால் டேப் ஒட்டிய இடங்களில் தோல் லேசாக உரிந்ததைத் தவிர ஒன்றும் இல்லை. நீர்க்காமல் தடவிய ஆன்டிசெப்டிக் தோலை எரித்திருக்கலாம். அதற்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைத்தோம். ஆனால் எரிச்சலால் வருவது பட்ட கொஞ்ச நேரத்தில் காந்தும். இவருக்கு நாள் கடந்து அரிப்பாக வந்தது, திரவத்தைத் தொடுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது, விரலிலும் வந்திருந்தது.

கேட்டுத் தெரிந்துகொண்டவை

ஒவ்வாமை இல்லை என்று குறிப்பில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், இதற்கு முன் இந்தக் காலில் எப்போதாவது ஏதாவது தடவியதுண்டா என்று கேட்டோம். சில வருடம் முன்பு கணுக்காலுக்கு மேலே நரம்பு சுருட்டிக்கொண்ட இடத்தில் தோல் கறுத்து அரித்ததாகவும், ஒரு க்ரீமை மாதக்கணக்கில் போட்டதாகவும் சொன்னார். குணமானது போலிருக்கும், நிறுத்தினால் திரும்ப வரும், கடைசியில் க்ரீமே பிடிக்காமல் போய்விட்டது என்றார். மகன் வீட்டுக்குப் போய்த் தேடி, நசுங்கிய பழைய ட்யூபைப் படம் எடுத்து அனுப்பினார். பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் நியோமைசினும் கலந்தது.

அதோடு கதை முழுமையாகிவிட்டது. இந்த வகை ஒவ்வாமையை உண்டாக்குவது இரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடி அல்ல, நோய் எதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்கள். முதல் தடவை அந்தப் பொருள் தோல் வழியாக உள்ளே போகும்போது வெளியே ஒன்றும் தெரியாது. டி செல்கள் அதை அடையாளம் வைத்துக்கொள்ளப் பொதுவாகப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். பிறகு எத்தனை வருடம் கழித்து அதே பொருள் பட்டாலும், இரண்டு மூன்று நாளில் திரண்டு வந்து அந்த இடத்தில் அழற்சியை உண்டாக்கும். நரம்பு சுருட்டிய கால்களில் தோல் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும், மருந்தும் மாதக்கணக்கில் படும். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு நியோமைசின் ஒவ்வாமை மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. அந்தப் பழைய க்ரீமில் ஸ்டீராய்டும் இருந்ததால் ஒவ்வாமை வெளிப்படையாகத் தெரியாமல் அமுங்கிக் கிடந்திருக்க வேண்டும்.

நியோமைசினை 1949இல் செல்மன் வாக்ஸ்மனும் ஹூபர்ட் லெச்செவாலியரும் மண்ணில் வாழும் ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அன்றுமுதல் தோல் களிம்பு, கண் சொட்டு, காதுச் சொட்டு என்று எத்தனையோ வடிவில் அது புழங்கிவருகிறது. புழக்கம் கூடக் கூட ஒவ்வாமையும் கூடியது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் ஆண்டுதோறும் கவனிக்கப்பட வேண்டிய ஓர் ஒவ்வாமைப் பொருளை அறிவிக்கிறது. 2003இல் பாசிட்ராசினும் 2010இல் நியோமைசினும் அந்தப் பட்டியலில் வந்தன. வீட்டு முதலுதவிப் பெட்டியில் இருக்கும் ஒரே ட்யூபுக்குள் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, இரண்டு களிம்புகளையும் ஆன்டிசெப்டிக்கையும் அன்றே நிறுத்துவது. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

வாய்வழி ஆன்டிபயாடிக் கொடுக்காமல் இருப்பதுதான் யோசித்து எடுத்த முடிவு. கால் சிவந்து நீர் வடியும்போது ஒரு கோர்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் வலி, சூடு, காய்ச்சல், சீழ், நெறி என்று தொற்றைக் காட்டும் எதுவும் இவருக்கு இல்லை. தேவையில்லாமல் கொடுத்தால் வயிற்றுப்போக்கிலிருந்து கிருமிகளின் எதிர்ப்புத்திறன் வரை அதன் பின்விளைவுகள் உண்டு. போதாததற்கு, களிம்பை நிறுத்தியதால் குணமானதா, மாத்திரையால் குணமானதா என்பதும் கடைசிவரை தெரியாமல் போகும். கசிவை எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பவும் இல்லை. ஈரமான எந்தப் புண்ணிலும் தோலில் வழக்கமாக வாழும் கிருமிகள் வளரத்தான் செய்யும். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து எழுதாமல் இருப்பது கடினம்.

ஆனாலும் தொற்று இல்லவே இல்லை என்று முதல் பார்வையில் உறுதி சொல்ல முடியாது. எனவே சிவப்பின் விளிம்பை ஒட்டி மார்க்கர் பேனாவால் கோடு போட்டோம். கோட்டைத் தாண்டினால், வலி ஏறினால், காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும். இல்லாவிட்டாலும் 48 மணி நேரத்தில் காட்டவேண்டும்.

நீர் வடியும் இடத்துக்கு, உப்புநீரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் ஒற்றடம் மாதிரி வைத்தெடுக்கச் சொன்னோம். சுற்றியுள்ள சிவந்த தோலுக்கு மொமெட்டாசோன் ஸ்டீராய்டுக் களிம்பு, ஒரு வேளை, மெல்லியதாக. நியோமைசின் கலந்த ஸ்டீராய்டுக் களிம்புகள் நிறைய இருப்பதால், தனி ஸ்டீராய்டுதானா என்று ட்யூபைக் கையில் வாங்கிப் படித்துப் பார்த்தே கொடுத்தோம். நடுவில் மூடிக்கொண்டிருந்த சிராய்ப்புக்கு வெறும் பெட்ரோலியம் ஜெல்லி.

மகனுக்கு இது ஒப்பவில்லை. "டாக்டர், செப்டிக் ஆன புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காம வெறும் வாசலினைத் தடவச் சொல்றீங்களே?" என்றார். "நீ சும்மா இருப்பா, அவங்க பார்த்துட்டுத்தானே சொல்றாங்க" என்று அம்மா அடக்கினார். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி, பதில் சொல்லியே ஆகவேண்டியது.

வீட்டில் பட்ட சிராய்ப்பு ஆறுவதற்கு வேண்டியது இரண்டு. ஒன்று, அழுக்குப் போகக் கழுவுவது. இரண்டாவது, காயவிடாமல் ஈரப்பதத்தோடு மூடி வைப்பது. மூடிய காயத்தில் மேல்தோல் வளரும் வேகம், காற்றில் காய்ந்து பொருக்குத் தட்டிய காயத்தில் வளர்வதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று ஜார்ஜ் விண்டர் 1962இல் பன்றித் தோலில் காட்டினார். ஆன்டிபயாடிக் களிம்பு தடவினால் சீக்கிரம் ஆறுகிறது என்று நமக்குத் தோன்றுவதில் பெரும்பங்கு அதன் பிசுக்கான அடிப்பொருளுக்கு உரியது. பெரும்பாலும் அந்த அடிப்பொருள் பெட்ரோலியம் ஜெல்லியேதான்.

1996இல் வெளியான ஓர் ஆய்வில், சிறு தோல் அறுவை செய்துகொண்ட 922 பேரில் ஒரு பகுதியினருக்குப் பாசிட்ராசினும் மற்றவர்களுக்கு வெறும் ஜெல்லியும் கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று வந்தது முறையே 0.9 சதவீதம், 2 சதவீதம். புள்ளியியல்படி இது பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. தொடுதோல் ஒவ்வாமை ஜெல்லி தடவிய ஒருவருக்கும் வரவில்லை, பாசிட்ராசின் தடவிய நான்கு பேருக்கு வந்தது. இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஒருதலைப்பட்சமாகிவிடும். அது சுத்தமான அறுவைக் காயங்களில் செய்தது. அவசரப் பிரிவில் தைத்த காயங்களில் நடந்து 1995இல் வெளியான ஆய்வில் ஜெல்லி தடவியவர்களில் 17.6 சதவீதத்தினருக்கும் பாசிட்ராசின் தடவியவர்களில் 5.5 சதவீதத்தினருக்கும் தொற்று வந்தது. ஆக, அடிபட்டுக் கிழிந்து தையல் போட்ட காயத்துக்கு ஆன்டிபயாடிக் களிம்பால் பலன் இருக்கலாம். இதை மகனிடம் மறைக்கவில்லை. ஆனால் நன்றாகக் கழுவிய மேலோட்டமான சிராய்ப்பு அந்த வகை அல்ல. ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்டவருக்கோ அந்தக் கணக்கே பொருந்தாது.

மகன் கடைசியாகக் கேட்டது இரும்பைப் பற்றி: "இரும்பு கிழிச்சதாச்சே, களிம்பு போட்டதுல அந்த பயம் போயிருக்கும்ல?" எந்தக் களிம்பும் டெட்டனஸைத் தடுக்காது. அதற்குத் தடுப்பூசிதான் வழி. கடைசியாக எப்போது போட்டார் என்று அவருக்கு நினைவில்லாததால் அன்றே ஊசி போட்டோம்.

அடுத்து நடந்தவை

இரண்டாம் நாள் மாலை வந்தபோது சிவப்பு மார்க்கர் கோட்டுக்கு உள்ளேயே அடங்கியிருந்தது. நீர் வடிவது நின்றிருந்தது. முந்தின இரவு நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். ஒரு வாரத்தில் தோல் செதில் செதிலாக உரிந்தது, ஸ்டீராய்டை நிறுத்தினோம். சிராய்ப்பு முழுவதும் மூடிவிட்டது. விரலில் இருந்த கொப்புளங்கள் தாமாகவே காய்ந்தன. அழற்சி வந்த சதுரம் மட்டும் பல மாதம் பழுப்பாகத் தெரிந்தது. சிராய்ப்பு பட்ட இடத்தில் தழும்பே இல்லை, களிம்பு பட்ட இடத்தில்தான் தடம் நின்றது.

தோல் முழுவதும் தெளிந்த பிறகு பேட்ச் டெஸ்டுக்கு அனுப்பினோம். சந்தேகப்படும் பொருள்களைச் சிறு தட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு 96 மணி நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். நியோமைசின் சோம்பேறித்தனமாக எழும் பொருள். 20 சதவீதச் செறிவில் வைத்தும் நான்காம் நாள்வரை ஒன்றும் தெரியாமல், ஏழாம் நாள்தான் சிவந்து தடிப்பது உண்டு. இவருக்கும் 96 மணி நேரத்தில் லேசான நிறமாற்றம்தான். அதோடு முடித்திருந்தால் சந்தேகத்துக்குரியது என்று எழுதியிருப்பார்கள். ஏழாம் நாள் பார்வையில் நியோமைசினும் ஃப்ராமைசெடினும் கொப்புளத்தோடு தெளிவாக எழுந்திருந்தன. அதே குடும்பத்து ஆன்டிபயாடிக்கான ஜென்டாமைசின் இலேசாக எழுந்தது. பாசிட்ராசின், பாலிமிக்சின், டேப் பசையில் இருக்கும் ரோசின், களிம்புகளில் சேர்க்கும் லனோலின் ஆகிய நான்கும் எழவில்லை.

இனி மாறவேண்டியவை

இவருடைய குறிப்பில் இப்போது நியோமைசின், ஃப்ராமைசெடின், ஜென்டாமைசின், டோப்ராமைசின் என்று நான்கு பெயர்கள் இருக்கின்றன. நான்கும் அமினோகிளைகோசைடு என்ற ஒரே ஆன்டிபயாடிக் குடும்பம். ஒன்றுக்கு ஒவ்வாதவருக்கு மற்றதும் ஒவ்வாமல் போக வாய்ப்பு அதிகம் என்பதால், டோப்ராமைசினைச் சோதிக்காமலே சேர்த்தோம். பெயர் எழுதிய அட்டையைக் கண் மருத்துவரிடமும் காது மருத்துவரிடமும் காட்டச் சொல்லியிருக்கிறோம், ஏனென்றால் அவர்கள் எழுதும் சொட்டு மருந்துகளில்தான் இந்த நான்கும் அதிகம் வரும்.

எங்களிடம் வருபவர்களைக் கேட்கும் முறையும் மாறியது. "மருந்து அலர்ஜி உண்டா?" என்ற கேள்விக்கு இவர் இல்லை என்றுதான் பல வருடமாகச் சொல்லியிருக்கிறார், அதில் பொய் எதுவும் இல்லை. தோலில் தடவிய எதுவாவது முதலில் குணம் தந்து, பிறகு அரிப்பைக் கூட்டியதுண்டா என்று தனியாகக் கேட்கிறோம். காயம் என்று வந்தால் இதுவரை தடவியவை எல்லாவற்றையும், ட்யூபோடு, கொண்டுவரச் சொல்கிறோம். மூலிகை என்று எழுதியதையும் சேர்த்துத்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: காயத்தைச் சுற்றிச் சிவந்தால், அளவைக் கூட்டுவதற்கு முன் வலிக்கிறதா, அரிக்கிறதா என்று பாருங்கள். அரிப்பே முக்கியமாக இருந்தால், சிவப்பு கட்டின் வடிவத்தில் நின்றால், தடவுவதை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். வேறு களிம்புக்கு மாறுவதாக இருந்தால் உறையின் பெயரைப் பார்க்காமல் உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். வலி ஏறுகிறது, சுடுகிறது, சீழ் வருகிறது, காய்ச்சலடிக்கிறது, சிவப்புக் கோடு மேலே ஓடுகிறது என்றால் அது தொற்று. அதற்குக் களிம்பு போதாது, அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். விலங்குக் கடி, ஆழமாகக் குத்திய காயம், சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வந்த புண் ஆகியவற்றில் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கவே கூடாது.

மகன் பின்னொரு முறை வந்தபோது, தன் குழந்தைக்குப் போடவேண்டிய எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) தடுப்பூசியில் நியோமைசின் இருப்பதாகப் படித்ததாகவும், பாட்டிக்கு ஒவ்வாதது பேரப்பிள்ளைக்குப் போடலாமா என்றும் கேட்டார். அந்தத் தடுப்பூசியில் அது மிகச் சிறிய அளவில் இருப்பது உண்மை. ஆனால் களிம்பால் தோலில் இப்படி அரிப்பு வந்தவர்களே அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். நியோமைசினால் மூச்சுத்திணறி மயங்கும் அளவுக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்குத்தான் கூடாது. பாட்டியின் தோல் ஒவ்வாமை குழந்தைக்குத் தடையே இல்லை. குழந்தைக்கு உரிய நாளில் ஊசி போடப்பட்டது.